கேள்வி இங்கே பிறக்கட்டும்!

நோய், நிலம், வேலை, தூசி... பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் தீராத பாடுகளுக்கு உள்ளூரிலேயே விடை தேட ஒரு கொள்கை வேண்டும்.

பெரம்பலூர் மாவட்டத்தில் வேப்பூர் என்றொரு வட்டாரம். கடலூர் மாவட்டத்து வேப்பூரோடு வெளியூர்க்காரர்கள் பலரும் குழப்பிக்கொள்ளும் ஊர். மழையை நம்பிப் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற மானாவாரிக் காடுகள் நிறைந்த பகுதி. 2017-ல் தமிழக அரசு ஒரு சோதனைக்கு மூன்று வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சூளகிரி, புதுக்கோட்டை மாவட்டத்தின் விராலிமலை, மூன்றாவதாக இந்த வேப்பூர்.

சோதனை எளிமையானது. சுமார் 5,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் கிராமத்தில் துணை சுகாதார நிலையம் இருக்கும். அங்கே ஒரு கிராம சுகாதார செவிலியர் இருப்பார். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது என்று அவருக்கே வேலை தலைக்கு மேல். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று வருகிற பெரியவர்களுக்கு அந்தக் கட்டடத்தில் தருவதற்கு ஒன்றும் இருக்காது. அவர்கள் பஸ் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, தனியார் கிளினிக்குக்கோ போக வேண்டும். மாத்திரையின் விலையைவிட அன்றைய கூலி போவதுதான் பெரிய செலவு. அதனால் பலர் போவதே இல்லை. பக்கவாதத்திலோ சிறுநீரகக் கோளாறிலோ கொண்டுபோய் விட்ட பிறகுதான் நோயே தெரியவரும்.

வேப்பூரில் துணை நிலையத்துக்கு இன்னொரு செவிலியரைக் கொடுத்தார்கள். மாத்திரைகளை அங்கேயே வைத்தார்கள். அடிப்படை ரத்தப் பரிசோதனைகளை அங்கேயே செய்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வுக் குழு அறிவுத்துணையாக இருந்து, என்ன மாறியது என்பதை வீடுவீடாகக் கணக்கெடுத்தது. புறநோயாளிகள் துணை நிலையங்களை நாடி வரத் தொடங்கினார்கள். தனியாரிடம் போவது குறைந்தது. வெளி சிகிச்சைக்கு ஏழைகள் கைப்பணம் செலவழிப்பதும் பெருமளவு குறைந்தது. 2021 ஆகஸ்ட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, வீட்டுக்கே மாத்திரை வரும் காலம் வந்தது. தொற்றா நோய்க்கான மருந்து நோயாளியின் ஊருக்கே போக வேண்டும் என்பதை அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே செய்து பார்த்த ஊர்களில் வேப்பூரும் ஒன்று.

புத்தாக்கம் என்றதும் நமக்குக் கண்ணாடிக் கட்டடமும் மடிக்கணினியும்தான் நினைவுக்கு வருகின்றன. வேப்பூரில் புதிய கருவி எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மருந்து ஏன் மக்களிடம் வந்து சேரவில்லை என்று கேட்டார்கள். சிறிய அளவில் மாற்றிச் செய்து பார்த்தார்கள். பலனை நேர்மையாக அளந்தார்கள். சமூகத்தின் பெரிய சிக்கல்களுக்கு வட்டார அளவிலான புத்தாக்கக் கொள்கை எப்படி உதவும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் தமிழ்நாட்டில் அதிகம் கிடையாது.

ஒரே ஒரு குறை. அந்தக் கேள்வியைக் கேட்டது சென்னை. பெரம்பலூர் அல்ல.

சின்ன மாவட்டங்கள், பெரிய காத்திருப்பு

பெரம்பலூர் 1995 நவம்பர் 1-ல் திருச்சியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001-ல் தனி மாவட்டமானது. 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23-ல் மீண்டும் தனியானது. ஆறு ஏழு ஆண்டுகளுக்குள் கலெக்டர் அலுவலகம் வந்து, போய், திரும்பவும் வந்த ஊர் அது. ஒரு மாவட்டம் தன்னைப் பற்றித் தானே யோசிக்கப் பழகுவதற்குத் தொடர்ச்சி வேண்டும். அரியலூருக்கு அது கிடைக்கவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரம்பலூரின் மக்கள்தொகை 5,65,223. அப்போது மாநிலத்திலேயே குறைந்த மக்கள்தொகை கொண்ட மாவட்டம் அதுதான். அரியலூரில் 7,54,894 பேர். இரண்டையும் சேர்த்தால் 13 லட்சத்துச் சொச்சம். ஓட்டுக் கணக்கில் சிறியவை என்பதால் பெரிய திட்டங்களில் கடைசி வரிசைதான். ஆனால் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க இந்தச் சிறிய அளவே வசதி. பெரம்பலூரில் வட்டாரங்கள் நான்கு, அரியலூரில் ஆறு. பத்து வட்டாரங்களின் அதிகாரிகளை ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசிவிடலாம்.

அப்படிப் பேசாமல், வெளியிலிருந்து வந்த பெரிய கனவுகளுக்கு நிலத்தை மட்டும் கொடுத்த கதைகள் இரண்டு மாவட்டத்திலும் உண்டு. ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990-களில் 13 கிராமங்களில் எட்டாயிரம் ஏக்கருக்கும் மேல் கையகப்படுத்தினார்கள். திட்டம் வரவே இல்லை. இழப்பீட்டு வழக்குகளில் ஒரு தலைமுறையே மூப்படைந்தது. கடைசியில் திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தருவதென்று அரசு முடிவெடுத்தது. பெரம்பலூரில், திருமாந்துறை, எறையூர் வட்டாரத்தில், சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று 2000-களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 3,000 ஏக்கரை விவசாயிகளிடம் வாங்கினார்கள். பத்தாண்டுக்கு மேல் அந்த மண்ணில் முள்ளுச்செடிதான் வளர்ந்தது. வீட்டுக்கு ஒரு வேலை என்று நம்பிக் காட்டை விற்றவர்கள், தங்கள் பழைய காட்டையே வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

இந்த இரண்டு திட்டங்களையும் யோசித்தவர்கள் முட்டாள்கள் இல்லை. காகிதத்தில் கணக்கெல்லாம் சரியாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த ஊரின் சிக்கல் என்ன, அதற்கு இது விடையா என்று ஊரோடு உட்கார்ந்து யாரும் கேட்கவில்லை. சிறிதாகச் செய்து பார்த்து, பலன் தெரிந்த பிறகு பெரிதாக்கும் வழக்கமும் அங்கே இல்லை. முதல் அடியே எட்டாயிரம் ஏக்கர்.

புழுவும் வெங்காயமும்

2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் ஒரு புதிய புழுவைக் கண்டார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஆப்பிரிக்கா வழியாகப் பரவிய படைப்புழு. அதே ஆண்டில் அது தமிழ்நாட்டின் மக்காச்சோளக் காடுகளுக்குள் புகுந்தது. பெரம்பலூரும் அரியலூரும் அடிவாங்கிய முதல் மாவட்டங்களில் சேர்ந்தன. மாநிலத்தில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் முன்வரிசையில் நிற்பது பெரம்பலூர். நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனம் இங்கிருந்துதான் பெருமளவு போகிறது. அந்த ஆண்டு குருத்துக்குள் புழு நெளிய, கதிர் பிடிக்காமல் காடு காடாக அழிந்தது. மானாவாரி விவசாயிக்கு ஆண்டுக்கு ஒரு வெள்ளாமைதான். அது போனால் அடுத்த ஆடிவரை கடன்தான்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வேகமாக ஒரு தொகுப்பு முறையைத் தந்தது. கோடையில் ஆழ உழுது, ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம் பிண்ணாக்கு போடுவது, விதைநேர்த்தி, வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி, இனக்கவர்ச்சிப் பொறி, மருந்தைக் காடு முழுக்கத் தெளிக்காமல் குருத்துக்குள் படும்படி அடிப்பது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் பழைய வித்தைதான். சேர்த்துச் செய்தால் புழு அடங்குகிறது. ஆனால் ஒரு நிபந்தனை. பக்கத்துக் காட்டுக்காரரும் அதே சமயத்தில் செய்ய வேண்டும். ஒருவர் ஆவணி முதலிலும் இன்னொருவர் புரட்டாசி நடுவிலும் விதைத்தால், புழு ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குக் குடிபெயர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கிராமத்தையே ஒரே வாரத்தில் விதைக்க வைப்பது பூச்சியியல் சிக்கல் இல்லை. உழவு டிராக்டர் எத்தனை இருக்கிறது, கூட்டுறவுக் கடன் எப்போது கைக்கு வருகிறது, விதை எந்தத் தேதியில் வந்து இறங்குகிறது என்பதெல்லாம் சேர்ந்த சிக்கல். பல்கலைக்கழகத்தால் அதைத் தீர்க்க முடியாது. மாவட்டத்தால் முடியும்.

அதற்கான கைகளும் இங்கேயே இருக்கின்றன. வாலிகண்டபுரத்தில் ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் நிலையம். சோழமாதேவியில் கிரீடு வேளாண் அறிவியல் நிலையம். வேப்பந்தட்டையில் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம். இரண்டு சின்ன மாவட்டங்களுக்கு இது குறைவான சொத்து இல்லை. ஆனால் இவற்றின் ஆண்டுத் திட்டத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? அவரவர் தலைமையகம். நிலையத்தின் வேலைப் பட்டியலில் முதல் வரியை எழுதும் உரிமை அந்த மாவட்டத்துக்கு இருக்க வேண்டும்.

பருத்தியின் கதை இதைவிட வலி மிகுந்தது. 2017-ன் பிற்பகுதியில் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் அடுத்தடுத்து இறந்ததை நாடே பேசியது. அதே பருவத்தில் பெரம்பலூரிலும் மருந்து தெளித்த உழவர்கள் இறந்தார்கள். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். வெயிலில், முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு, காடு முழுக்க நடக்கிற கூலித் தொழிலாளிக்கு அந்த அறிவுரை எவ்வளவு தூரம் உதவும்? குட்டையாக, நெருக்கி நடத்தக்க, பூச்சிக்கு முன்பே முந்திக்கொண்டு விளைந்துவிடும் ரகங்கள். கூலிக்கு மருந்தடிப்பவர்களுக்குப் பயிற்சியும் காப்பீடும். மருந்துக் கடைக்காரர் வாயிலிருந்து வரும் சிபாரிசுக்கு மாற்றாக ஊருக்குள்ளேயே ஒரு பயிர் ஆலோசகர். மூன்றையும் சேர்த்து ஒரு வட்டாரத்தில் மூன்று பருவம் செய்து பார்த்திருந்தால், அது உயிர் காக்கும் புத்தாக்கம். சுகாதாரத் துறை, வேளாண் துறை, தொழிலாளர் நலத் துறை மூன்றும் ஒரே மேசைக்கு வந்தால்தான் அது நடக்கும். சென்னையில் அந்த மூன்று துறைகளுக்கும் இடையே மாடிகளும் கோப்புகளும் நிற்கின்றன. மாவட்டத்தில் மூவரும் ஒரே வளாகத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சின்ன வெங்காயத்தைச் சொல்லாமல் பெரம்பலூரை எழுத முடியாது. செட்டிகுளம் சுற்றுவட்டாரத்துக் காடுகளின் உயிர் அது. விலை ஏறினால் கிலோ நூறு ரூபாயைத் தாண்டும். விழுந்தால் அறுப்புக் கூலிக்குக்கூடக் காணாது. காற்றோட்டமாகப் பட்டறை போட்டு வைத்து, விலை வரும்வரை காத்திருப்பது இங்குள்ள உழவர்களின் பழைய அறிவு. அரசும் 25 டன் கிடங்குக்கு மானியம் தந்திருக்கிறது. செட்டிகுளத்தில் வெங்காயத்துக்கென்றே வணிக வளாகமும் கட்டியது. இருந்தும் சிக்கல் விதையிலேயே தொடங்குகிறது. விதைக்காய் போட்டு நடுவதென்றால் ஹெக்டேருக்கு 1,500 கிலோ வரை வேண்டும். விலை ஏறிய ஆண்டில் விதைக்காய் வாங்கவே நகை அடகுக்குப் போகும். அந்தக் காயோடு திருகல் நோயும் அழுகலும் சேர்ந்தே காட்டுக்கு வரும்.

வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-5 ரகம் இதற்கு 2000-களின் தொடக்கத்திலேயே ஒரு விடை சொன்னது. சின்ன வெங்காயத்தையே பூக்கவைத்து, விதை எடுத்து, நாற்றுவிட்டு நடலாம். ஹெக்டேருக்கு மூன்று கிலோ விதைக்குள் முடிந்துவிடும். ஆயிரத்து ஐந்நூறு கிலோ எங்கே, மூன்று கிலோ எங்கே! அப்படியிருந்தும் பெரும்பாலான காடுகளில் இன்றைக்கும் விதைக்காய்தான். நாற்றங்காலுக்கு நல்ல தண்ணீர் வேண்டும், கூடுதல் நாள் வேண்டும், நாற்று நட ஆள் வேண்டும். காயின் நிறமும் காரமும் சந்தைக்கு ஒத்துவர வேண்டும். கண்டுபிடிப்பு ஆராய்ச்சி நிலையத்தின் வாசலைத் தாண்டுவதற்கும் காட்டுக்குள் இறங்குவதற்கும் நடுவே இருக்கும் இந்தத் தூரத்தைக் கடக்க வைப்பதுதான் வட்டாரக் கொள்கையின் வேலை. மகளிர் குழுக்கள் நடத்தும் நாற்றங்கால்கள், முதல் இரண்டு ஆண்டு நஷ்டத்தை ஏற்கும் ஒரு காப்பு நிதி, ஏற்றுமதியாளரோடு முன்கூட்டியே பேசிய விலை. இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒருவர் பொறுப்பேற்று மூன்று ஆண்டு அதன் பின்னால் நிற்க வேண்டும்.

அந்த "ஒருவர்" யார் என்பதில்தான் எல்லாம் தடுமாறுகிறது.

கலெக்டர் மாறினால்?

2010-களின் தொடக்கத்தில் தாரேஸ் அகமது பெரம்பலூர் கலெக்டராக இருந்தார். அரசுப் பள்ளி மாணவர்களில் நன்றாகப் படிப்பவர்களைத் தேர்ந்தெடுத்து, தனிப் பயிற்சி தந்து, மருத்துவம், பொறியியல் என்று அனுப்பும் 'சூப்பர் 30' திட்டத்தைத் தொடங்கினார். குழந்தைத் திருமணங்களைத் தடுப்பதிலும் மாவட்ட நிர்வாகம் அப்போது முனைந்து நின்றது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் போனார்கள். மாவட்டம் தானே கேட்டு, தானே விடை தேடிய முயற்சி அது. இன்றும் பெரம்பலூர்க்காரர்கள் அதைப் பெருமையோடு சொல்வார்கள்.

ஆனால் அந்தப் பயிற்சி பிளஸ் டூ மதிப்பெண்ணை நம்பி நின்றது. 2017-ல் நீட் கட்டாயமானபோது, தரையே நகர்ந்துவிட்டது. அந்த ஆண்டுதான் அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா, 1,200-க்கு 1,176 மதிப்பெண் எடுத்தும் மருத்துவ இடம் கிடைக்காமல், உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியும் பலனின்றி, செப்டம்பர் 1-ல் உயிரிழந்தார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஒரு பெண் பிள்ளையின் இழப்பு எழுப்பிய கேள்விக்கு மாநிலம் சட்டத்தின் வழியே ஒரு பங்கு விடை சொல்லியிருக்கிறது.

மாவட்டத்தின் சொந்த முயற்சிகளைப் பொறுத்தவரை, நல்ல கலெக்டர் வந்தால் நல்லது நடக்கும், மாறினால் நின்றுபோகும் என்ற நிலை இனியும் கூடாது. கலெக்டர்கள் இரண்டு, மூன்று ஆண்டில் மாறுவது இயல்பு. முயற்சியைத் தாங்கி நிற்க அமைப்பும் நிதியும் எழுதி வைத்த கொள்கையும் வேண்டும்.

இதை முன்பே யோசித்தவர்கள் உண்டு. விஜய் கேல்கர் தலைமையிலான 13-வது நிதி ஆணையம், 2010 முதல் 2015 வரையிலான காலத்துக்கு, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கோடி ரூபாய் 'மாவட்டப் புத்தாக்க நிதி' தரப் பரிந்துரைத்தது. நல்ல எண்ணம். ஆனால் தொகை சிறிது. ஐந்தாண்டோடு தொடர்ச்சியும் போனது. மாநிலத் திட்டக் குழுவின் கீழ் புத்தாக்க முயற்சிகளுக்கென்று நிதி உண்டு. அதற்குக் கருத்துரு அனுப்புபவை பெரும்பாலும் துறைகள்தான். மாவட்டம் தன் சிக்கலோடு நேரே போய் நிற்கும் வாசல் குறுகலாகவே இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2014-லிருந்து ஒரு விதி வைத்தது. வட்டார வளர்ச்சி நிதியிலிருந்து ஆராய்ச்சிக்கும் புத்தாக்கத்துக்கும் பணம் வேண்டுமானால், அந்த வட்டாரம் தன் பலம் என்ன, எதில் முதலிட வேண்டும் என்பதைத் தொழில் செய்வோர், பல்கலைக்கழகம், மக்கள் எல்லோரையும் வைத்துப் பேசி எழுதித் தர வேண்டும். பல வட்டாரங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக் கொடுத்தன என்ற குறையும் வந்தது. இருந்தாலும், 'முதலில் நீ யோசி, பிறகு பணம்' என்ற அந்த ஒழுங்கு நமக்கு வேண்டியது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் பக்கத்துக் கேரளத்தைப் பார்க்கலாம். 1996-ல் மக்கள் திட்டம் வந்தபோது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் போனது. அடுத்த சில ஆண்டுகளில் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு இயக்கம் வேரூன்றியது அந்த மண்ணில்தான்.

செருப்பு ஆலைக்கு அப்பால்

இரண்டு மாவட்டங்களிலும் இப்போது ஒரு புதிய காட்சி. 2022 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு காலணி, தோல் பொருள் கொள்கையை வெளியிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் எறையூர் சிப்காட்டில் தோல் அல்லாத காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, ஓராண்டில் உற்பத்தியும் தொடங்கியது. 2024 நவம்பரில் ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவானின் டீன் ஷூஸ் ஆலைக்கு அடிக்கல். 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. வேலைக்குப் போகப்போவது பெரும்பாலும் பெண்கள்.

இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். 2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு அரியலூரில் இருந்த பெண் குழந்தைகள் 900-க்கும் குறைவு. மாநில சராசரி 943. பெண்ணைச் சுமையாகப் பார்க்கும் மண்ணில், மாதச் சம்பளத்தோடு வீடு திரும்பும் மகள் பல வாதங்களை முடித்துவைப்பாள்.

ஆனால் ஆலை வருவது தொழில் கொள்கை. ஆலைக்குப் போகும் பெண்ணின் வாழ்வு மாறுவதற்கு இன்னொரு கொள்கை வேண்டும். ஆண்டிமடம், செந்துறை கிராமங்களிலிருந்து ஷிஃப்டுக்கு வரும் பெண்ணின் கைக்குழந்தையை யார் பார்ப்பது? இரவு ஷிஃப்ட் முடிந்து எப்படி வீடு சேர்வது? பத்தாண்டு தையல் மேசையில் உட்கார்ந்த பிறகு அவளுக்கு முன்னேற வழி என்ன? டிசைன், அச்சு வார்ப்பு, தரச் சோதனை போன்ற கூடுதல் சம்பள வேலைகளுக்கு உள்ளூர் பாலிடெக்னிக்குகளும் ஐ.டி.ஐ.க்களும் இன்றே பாடம் வகுக்காவிட்டால், அந்த நாற்காலிகளில் வெளியூர்க்காரர்கள் உட்காருவார்கள். நம் பெண்கள் பசை தடவிக்கொண்டே இருப்பார்கள்.

டன்னுக்கு 24 ரூபாய்

பணத்துக்கு எங்கே போவது? அரியலூரைப் பொறுத்தவரை விடை காலடியிலேயே இருக்கிறது.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் கடலடியில் கிடந்தது. அதன் சாட்சியாகப் பெரம்பலூர்ப் பக்கத்துச் சாத்தனூரில் கல்லாய்ப் போன அடிமரமும், அரியலூரின் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கின்றன. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் அரியலூரைச் சிமெண்ட் நகரமாக்கியது. அரசின் டான்செம் தொடங்கி ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், இந்தியா சிமெண்ட்ஸ், செட்டிநாடு என்று வரிசை. கூடவே தூசி, விரையும் லாரிகள், வெட்டியெடுத்த பிறகு வாய் பிளந்து கிடக்கும் பள்ளங்கள்.

2015-ல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், சுரங்கத்தால் பாதிக்கப்படும் மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்கச் சொன்னது. சுண்ணாம்புக்கல்லுக்கு ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். 2015 ஜனவரி 12-க்கு முந்தைய குத்தகை என்றால், ராயல்டியில் 30 சதவீதத்துக்கு இணையான தொகையைச் சுரங்கக்காரர் கூடுதலாக இந்த அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். டன்னுக்கு 24 ரூபாய். ஏலத்தில் எடுத்த புதிய குத்தகை என்றால் 10 சதவீதம், அதாவது 8 ரூபாய். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் வெட்டும் ஒரு பழைய சுரங்கம் 2 கோடியே 40 லட்சம் ரூபாய் தர வேண்டும். நிதி ஆணையம் ஒரு மாவட்டத்துக்கென்று ஒதுக்கிய புத்தாக்க நிதியைவிட இரண்டு மடங்குக்கு மேல், ஒரே சுரங்கத்திலிருந்து, ஒவ்வோர் ஆண்டும்.

இந்தப் பணத்தில் குறைந்தது 70 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல், பெண்கள் குழந்தைகள் நலம், திறன் வளர்ப்பு, வேளாண்மை போன்ற முன்னுரிமைகளுக்குச் செலவிட வேண்டும் என்பது 2024-ன் புதிய வழிகாட்டு நெறி. ஐந்தாண்டு தொலைநோக்குத் திட்டம் போடச் சொல்லியும் அது கேட்கிறது. சட்டம் வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. நடைமுறையில் இத்தகைய நிதிகள் சுற்றுச்சுவருக்கும் கூடுதல் வகுப்பறைக்கும் தார்ச்சாலைக்குமே சுலபமாகப் போய்விடுகின்றன. சுவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நூறு ரூபாயில் ஐந்து ரூபாயையாவது இதுவரை விடை தெரியாத சிக்கலுக்கு விடை தேட ஒதுக்குங்கள் என்கிறேன்.

சிக்கல்களுக்குப் பஞ்சமில்லை. சுரங்கப் பள்ளங்களில் தேங்கும் மழைநீரை எந்தெந்த இடத்தில் பாசனத்துக்குத் திருப்பலாம், எங்கே மீன் வளர்க்கலாம், எங்கே தொடவே கூடாது? தூசியை ஆலைக்காரர்களின் கருவி மட்டும் அளந்தால் போதுமா? ஒவ்வொரு பஞ்சாயத்துப் பள்ளியிலும் ஒரு கருவி வைத்து, சுரங்கப் பக்கத்துக் குழந்தைகளின் மூச்சுத்திறனையும் சேர்த்து மருத்துவக் கல்லூரி ஆய்வு செய்தால் என்ன? வேப்பூரில் ஐ.ஐ.டி. செய்ததை அரியலூரில் நம் சொந்தக் கல்லூரியே செய்யலாம். சிமெண்ட் தொழிலிலேயே மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல்லையும் கலந்து கரிவாயு வெளியீட்டை 40 சதவீதம் வரை குறைக்கும் புதிய சிமெண்டுக்கு 2023-ல் இந்தியத் தரவிதி வந்துவிட்டது. சென்னை, டெல்லி ஐ.ஐ.டி.கள் அதன் ஆராய்ச்சியில் பங்கெடுத்தவை. சிமெண்டால் வாழும் மாவட்டம் அந்த மாற்றத்தில் முன்னால் நிற்க வேண்டாமா? மறுசுழற்சிக்கு ஆகாத நெகிழிக் கழிவுகள் வெளி நகரங்களிலிருந்து இங்குள்ள சிமெண்ட் சூளைகளுக்கு எரிபொருளாக வருகின்றன. ஊர்க் குப்பையை எரித்துத் தரும் மாவட்டம், புகைபோக்கியின் கணக்கை அன்றாடம் மக்களுக்குக் காட்டச் சொல்லிக் கேட்பது நியாயமான உரிமை.

முந்திரியும் உண்டு. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தைத் தோப்பிலேயே விட்டுவிடுகிறோம். அதே பழத்திலிருந்து கோவா புவிசார் குறியீடு பெற்ற ஒரு பானத்தையே உருவாக்கி வைத்திருக்கிறது. நாம் மது காய்ச்ச வேண்டாம். பழச்சாறும் ஜாமும் கால்நடைத் தீவனமும் செய்து பார்க்க ஒரு சிறு கூடம் போதும்.

யார் உட்கார வேண்டும்?

அரசியல் சட்டத்தின் 243 இசட்.டி. பிரிவு மாவட்டத் திட்டக் குழுவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. புதிதாக ஒரு அமைப்பைக் கட்ட வேண்டியதில்லை. அந்தக் குழுவின் கீழ் ஒரு புத்தாக்கப் பிரிவு. அதில் இரண்டு வேளாண் அறிவியல் நிலையங்கள், பருத்தி ஆராய்ச்சி நிலையம், மருத்துவக் கல்லூரி, பாலிடெக்னிக், தொழில் மையம், உழவர் உற்பத்தியாளர் குழுக்கள், மகளிர் கூட்டமைப்புகள், ஆலைகள். இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒன்றாகவே இருக்கட்டும். புழுவும் வெங்காய விலையும் மாவட்ட எல்லை பார்த்து வருவதில்லை. ஆண்டுக்கு மூன்றே கேள்விகளை அது எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டாரம், மூன்று ஆண்டு, ஒரு பொறுப்பாளர். பலனை வெளியார் அளக்கட்டும். தோற்ற சோதனையின் அறிக்கையும் தமிழில் வெளிவரட்டும். தோற்றதற்காக எந்த அதிகாரியையும் தண்டிக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி இல்லாவிட்டால் மற்றவை எல்லாம் வீண். தோல்விக்குப் பயப்படும் அலுவலகம் தெரிந்த விடையுள்ள கேள்வியைத்தான் எடுக்கும்.

தலைநகரத்தில் ஸ்டார்ட்-அப் கொள்கை இருக்கிறது, திட்டக் குழு இருக்கிறது, ஐ.ஐ.டி. இருக்கிறது. எல்லாம் வேண்டும். அவை மாவட்டத்துக்குத் துணையாக வர வேண்டும். மாவட்டத்தின் இடத்தில் உட்காரக் கூடாது.

இதைப் படிக்கிற பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் உங்கள் ஊரில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். அரியலூரில் இருப்பவர்கள் கனிம அறக்கட்டளையில் இந்த ஆண்டு எவ்வளவு சேர்ந்தது, எதற்குச் செலவானது என்று கேளுங்கள். பெரம்பலூரில் இருப்பவர்கள் உங்கள் வட்டாரத்துக்கு வேளாண் அறிவியல் நிலையம் இந்தப் பருவத்தில் எந்தச் சிக்கலை எடுத்திருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் ஊரின் முதல் சிக்கல் எது என்பதைத் தீர்மானமாக எழுதி, நிறைவேற்றி, நகலைக் கையோடு வாங்கி வாருங்கள்.